கியர் லிவரை வெட்டுவதற்கு முன் ஆட்டத்தை எடுங்கள்

போன மாசியில் மருமகன் முறையான பையன் ஒருவன் தலவாக்கலையிலிருந்து ஹட்டனில் உள்ள என் லேத் பட்டறைக்கு வந்தான். காரை விட்டு இறங்கியதும் முதல் பேச்சே, "மாமா, கியர் லிவர்ல ரெண்டு இஞ்ச் வெட்டிக் குடுங்க, ஷோர்ட் ஷிஃப்ட் ஆகிடும்." கியர் மாற்றக் கை நகரும் தூரம் குறைய வேண்டும் என்பதுதான் அவன் ஆசை.

அவனுடையது 1990ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர். என்னிடம் இருப்பதும் அதே கார்தான், ஒரு வருடம் இளையது. மற்ற நாடுகளில் மஸ்டா எம்எக்ஸ்-5 என்று விற்ற காரை ஜப்பானில் யூனோஸ் என்ற பெயரில் விற்றார்கள். ஐந்து கியர், பின்சக்கர ஓட்டம். இடையில் கேபிளோ நீண்ட கம்பியோ கிடையாது. லிவர் நேராக கியர் பொக்ஸின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் இந்த வேலைக்குக் காரின் அடியில் படுக்க வேண்டியதில்லை, ஆசனத்தில் மண்டியிட்டே முடித்துவிடலாம்.

நான் ரம்பத்தை எடுக்கவில்லை. உள்ளே உட்கார்ந்து மூன்றாம் கியரில் போட்டு லிவரைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன். கியரில் விழுந்த பிறகும் இரண்டு விரல் அகலத்துக்கு ஆடியது. என் அப்பா தேயிலை பெக்டரியில் பிட்டராக இருந்தவர். ரோலர் சத்தம் போட்டால் சுத்தியலைத் தொடமாட்டார், கையால் ஆட்டிப் பார்த்து ஆட்டம் எந்த மூட்டில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்பார். இங்கேயும் அதே கதைதான். அடியில் ஆட்டம் இருக்கும்போது மேலே வெட்டினால், குட்டையான லிவர் ஒன்று ஆடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

எதையும் கழற்றுவதற்கு முன் இன்னொரு சோதனை. எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு, கிளட்ச்சை முழுதாக மிதித்துப் போட்டுப் பாருங்கள். நிறுத்தியபோது வெண்ணெய் மாதிரி விழுந்த முதல் கியரும் ரிவர்ஸும் ஓடும்போது முரண்டு பிடித்தால் குற்றம் லிவரில் இல்லை, கிளட்ச் சரியாக விலகவில்லை. இந்தக் காரில் கியர் பொக்ஸ் பக்கமுள்ள கிளட்ச் சிலிண்டர் கசிவது பழைய வியாதி. அதன் ரப்பர் மூடியை விலக்கிப் பார்த்து ஈரம் இருந்தால் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

சாமான் அதிகம் வேண்டாம். லிவரின் அடிப்பந்துக்கு மாட்டும் நைலோன் மூடி, அலை அலையாக வளைந்த வாஷர், உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் பூட், அதன் மேல் வரும் பெரிய ரப்பர் பூட், 75டபிள்யூ-90 கியர் ஒயில் கொஞ்சம். ஒயில் டப்பாவில் ஜீஎல்-4 என்று இருப்பதை வாங்குவது நல்லது. சில ஜீஎல்-5 ஒயில்களில் உள்ள கந்தகச் சரக்கு கியர் விழும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஆகாது. பார்ட்ஸுக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தை வரை போகிறவர்கள் காரின் பெயரோடு நிற்காமல் சேசி நம்பரையும் கொண்டு போங்கள். 1.6 எஞ்சின் கார் என்றால் அது என்ஏ6சிஈ என்று தொடங்கும்.

இனி வேலை. காரைச் சமதரையில் நிறுத்துங்கள். நம் பக்கம் அது லேசில் கிடைக்காது என்று தெரியும், கோவில் முற்றமோ பள்ளிக்கூட மைதானமோ பார்த்துக்கொள்ளுங்கள். சரிவில் கியரில் போட்டு நிறுத்தியே பழகிவிட்டோம். லிவரைக் கழற்ற வேண்டுமானால் காரை நியூட்ரலில் விட வேண்டும், ஆகவே ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் நான்கு சக்கரத்துக்கும் கல் வையுங்கள். ஓடி வந்த கார் என்றால் ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். பக்கத்திலேயே சைலன்சர் குழாய் போகிறது.

கியர் நொப்பை இடப்பக்கமாகத் திருகினால் கழன்று வரும். கொன்சோலின் திருகாணிகளில் சில வெளியே தெரியும், சில அஷ்ட்ரேயின் கீழும் பெட்டிக்குள்ளும் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றையும் எடுக்கும் முன் தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கொன்சோலைத் தூக்கும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள், கண்ணாடி சுவிட்சின் வயர் பிளக் அடியில் மாட்டியிருக்கும். கீழே பெரிய ரப்பர் பூட், நான்கு போல்ட், 10ஆம் நம்பர் சொக்கட் போதும். அதைத் தூக்கியதும் சின்ன பூட் தெரியும். பையனுடைய காரில் அது வாழைச்சருகு மாதிரி கிழிந்து கிடந்தது. காருக்குள் வரும் சூடு, கியர் இரைச்சல், ஒயில் வாடை எல்லாம் இந்தக் கிழிசல் வழியாகத்தான் வருகின்றன. கால் சுடுகிறது என்று அவன் ஒரு வருடமாகப் புலம்பியதற்கு விடை அங்கேயே கிடைத்தது.

அடுத்து லிவரைப் பிடித்திருக்கும் தகட்டின் மூன்று போல்ட். அவற்றைத் தளர்த்துவதற்கு முன் சுற்றியுள்ள மண்ணைப் பிரஷ்ஷால் நன்றாகச் சுத்தப்படுத்தி, சுற்றிலும் பழந்துணி அடையுங்கள். உள்ளே ஒரு மணல் விழுந்தாலும் அது அங்கேயே அரைத்துக்கொண்டிருக்கும். லிவரின் எந்தப் பக்கம் முன்னால் என்று பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துவிட்டு நேராக மேலே தூக்குங்கள்.

அடிப்பந்தில் நைலோன் மூடி இருக்கிறதா என்று உடனே பாருங்கள். இல்லையென்றால் அது துண்டு துண்டாக உள்ளே கிடக்கிறது. காந்தம் அதைப் பிடிக்காது. நீள மூக்குக் குறடும் டோர்ச்சும் வைத்துப் பொறுமையாகப் பொறுக்க வேண்டும். பொறுக்கிய துண்டுகளை மேசையில் சேர்த்து வைத்து முழு மூடி ஆகிறதா என்று பாருங்கள். நாங்கள் நாலு துண்டு எடுத்தோம், ஐந்தாவதுக்கு மட்டும் அரை மணி நேரம் போனது.

லிவர் இறங்கும் குழியில் ஒயில் நிற்க வேண்டும். அது கியர் பொக்ஸ் ஒயில் அல்ல, தனிக் குளம். கியர் பொக்ஸ் ஒயிலை எத்தனை தரம் மாற்றினாலும் இது மாறாது. சேர்விஸ் செய்கிறவர்கள் பலர் இதைத் திறப்பதே இல்லை. பார்மசியில் வாங்கிய பெரிய சிரிஞ்சில், மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய குழாயைச் செருகிப் பழையதை உறிஞ்சி எடுங்கள். அவனுடையதில் ஒரு மேசைக்கரண்டி கறுப்புக் குழம்புதான் வந்தது. புதியது ஏறக்குறைய 90 மில்லி ஊற்றினால் போதும்.

புது நைலோன் மூடியைச் சுடுதண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்தால் பந்தில் சுலபமாக ஏறும். வாஷரை மறக்காதீர்கள், மேலும் கீழுமான சலசலப்பை அடக்குவது அதுதான். வைத்த புள்ளி முன்னால் இருக்கும்படி லிவரை இறக்கி, மூன்று போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கொன்சோலைப் பூட்டுவதற்கு முன் எஞ்சின் ஓடாமலே ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள்.

இதற்குப் பிறகும் குட்டையாக வேண்டும் என்றால் கணக்கைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். லிவர் ஒரு நெம்புகோல். விளங்குவதற்காக, லிவர் ஊன்றித் திரும்பும் நடுப்பந்துக்கு மேலே 200 மில்லிமீற்றர், கீழே 40 என்று வைப்போம். விகிதம் ஐந்து. தகட்டுக்குக் கீழே 8 மில்லிமீற்றர் தடிப்பில் வளையம் வைத்து நடுப்பந்தை உயர்த்தி, அடிப்பந்து பழைய இடத்திலேயே நிற்கும்படி லிவரையும் செய்தால் மேலே 192, கீழே 48. விகிதம் நான்கு. கை நகரும் தூரம் ஐந்தில் ஒரு பங்கு குறையும், தள்ள வேண்டிய பலம் நாலில் ஒரு பங்கு கூடும். கடையில் விற்கும் ஷோர்ட் ஷிஃப்டர்கள் அநேகமாக இந்த வழிதான். மேலே மட்டும் வெட்டினாலும் தூரம் குறையும், பலம் கூடும், ஆனால் நொப் ஸ்டியரிங்கை விட்டு இன்னும் கீழே போய்விடும். இறங்கும் வளைவில் இடது கை தேடிக்கொண்டு போக வேண்டும்.

இதை நான் அனுபவித்தே சொல்கிறேன். ஐந்தாறு வருடங்களுக்கு முன் விகிதம் மூன்றுக்குக் கிட்ட வரும்படி லேத்தில் ஒரு லிவர் கடைந்தேன். பட்டறை வாசலில் துப்பாக்கிக் குதிரை மாதிரி டக் டக்கென்று விழுந்தது. பெருமையோடு கொத்மலைப் பக்கமிருந்து ரம்பொடை வளைவுகளில் ஏறினேன். அங்கே இரண்டாம் மூன்றாம் கியர்களைத் தவிர வேறு வேலையில்லை. ஒவ்வொரு வளைவிலும் இரண்டாம் கியருக்கு அவசரமாக இழுக்க, சிங்க்ரோவுக்கு வேகத்தைச் சமப்படுத்த நேரமே கிடைக்கவில்லை. லபுக்கலைத் தேயிலை மலைக்கு வருவதற்குள் இரண்டாம் கியர் கறகறவென்று கத்த ஆரம்பித்தது, என் மணிக்கட்டும் வீங்கிவிட்டது. அந்த லிவர் இப்போது பட்டறையில் கதவுக் கைப்பிடி.

2020இல் வாகன இறக்குமதி நின்று, பின்னாலேயே டொலர் தட்டுப்பாடும் வந்த காலத்தில் இன்னொரு கெட்டித்தனம் செய்தேன். நைலோன் மூடி கிடைக்கவில்லை என்று பித்தளையில் கடைந்து போட்டேன். ஆட்டம் துளியும் இல்லை. ஆனால் கியர் பொக்ஸின் முணுமுணுப்பு முழுவதும் லிவர் வழியாக ஏறி உள்ளங்கைக்கு வந்தது, 3000 சுற்றுக்கு மேலே காருக்குள் பேச முடியவில்லை. அப்புறம் நைலோன் தடியில் கடைந்ததும்தான் காதுக்கு நிம்மதி.

பித்தளை உதவியது நொப்பில்தான். 45 மில்லிமீற்றர் உருண்டை, உள்ளே 10 மில்லிமீற்றர் விட்டத்தில் 1.25 இடைவெளி மரை, எடை 400 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கனம் லிவரைத் தானாகவே இழுத்துக்கொண்டு போய்க் கியரில் போடும். குட்டையாக்காமலே குட்டையான உணர்வு வருவது இதனால்தான். ஒரே குறை, தை மாத விடியலில் நுவரெலியாவில் அதைத் தொட்டால் பனிக்கட்டி, மத்தியானம் கூரையைத் திறந்து நிறுத்தினால் தோசைக்கல். என் மனைவி கம்பளி நூலில் ஒரு தொப்பி பின்னிப் போட்டிருக்கிறாள். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

விடியற்காலைக் குளிரில் முதல் இரண்டு மூன்று கிலோமீற்றருக்கு இரண்டாம் கியர் கடினமாக விழுவது இந்தக் காரின் பிறவிக் குணம், லிவர் வேலையால் அது முழுதாகப் போகாது. கியர் பொக்ஸ் ஒயிலையும் புதிதாக்கினால் கொஞ்சம் இளகும். இரண்டு லீற்றர் பிடிக்கும். ஊற்றும் ஓட்டையைத் திறந்து பார்த்த பிறகே வடிக்கும் ஓட்டையைத் திறக்க வேண்டும். மேலுள்ளது திறக்க மறுத்தால் காலி கியர் பொக்ஸோடு நடுவழியில் நிற்பீர்கள்.

பையன் அன்று சாயந்தரம் மல்லியப்பு வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். "மாமா, வெட்டிட்டீங்களா?" என்றான். லிவரில் ஒரு மில்லிமீற்றர் கூடக் குறையவில்லை. உடைந்த மூடியின் ஐந்து துண்டையும் ஒட்டி, ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். மறுபடியும் பார்ட்ஸ் தட்டுப்பாடு வந்தால் லேத்தில் அளவெடுக்க அது வேண்டும்.