காலை 8 மணி பலூனை வைத்து வளிமண்டலத்தை வரையலாம், வாங்க

அக்கா மகள் செகண்டரி இரண்டில் படிக்கிறாள். வளிமண்டல அடுக்குகளின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். ஆனால் முதல் அடுக்கு ஏன் அந்த உயரத்தோடு முடிகிறது என்று கேட்டால், "புக்ல அப்படித்தான் மாமா இருக்கு" என்று பதில் வரும். வானத்தில் யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. வெப்பநிலை எங்கே திசை திரும்புகிறதோ அங்கே ஓர் அடுக்கு முடிகிறது, அவ்வளவுதான். இதை வாயால் சொல்வதைவிட வரைந்து பார்ப்பது சுலபம். ஒரு ஏ4 வரைபடத்தாள், பென்சில், அடிக்கோல், அரைமணி நேரம் போதும்.

படி 1: அச்சுகள். தாளை நெட்டாக வையுங்கள். கீழிருந்து மேலே உயரம், 5 கிலோமீட்டருக்கு 1 செ.மீ., 100 கி.மீ. வரை. குறுக்கே வெப்பநிலை, 10 டிகிரிக்கு 1 செ.மீ., இடது ஓரத்தில் -100, வலது ஓரத்தில் +40.

படி 2: நம்ம ஊர் எண்கள். சிங்கப்பூரில் தினமும் இரண்டு முறை கருவி கட்டிய வானிலை பலூனைப் பறக்கவிடுகிறார்கள். அந்த அளவீடுகளை அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழக இணையதளம் இலவசமாகக் காட்டுகிறது. தென்கிழக்காசியாவைத் தேர்ந்தெடுத்து, நிலைய எண் 48698 கொடுத்து, பட்டியல் வடிவத்தில் எடுங்கள். அங்கே நேரம் கிரீனிச் கணக்கில் இருக்கும், அதனால் 00 என்றால் நமக்குக் காலை 8 மணி, 12 என்றால் இரவு 8. முதல் பத்தி காற்றழுத்தம், இரண்டாவது மீட்டரில் உயரம், மூன்றாவது வெப்பநிலை. நான் முதல் தடவை அழுத்தத்தை உயரம் என்று நினைத்துப் புள்ளி வைத்து, கோடு தலைகீழாக வந்து, ஒரு தாளைக் கசக்கிப் போட்டேன். நீங்கள் இரண்டாவது, மூன்றாவது பத்திகளை மட்டும் பாருங்கள்.

படி 3: புள்ளிகள். தோராயமாக இப்படித்தான் வரும்: தரையில் 26 அல்லது 27, சுமார் 5 கி.மீ.யில் 0, 10 கி.மீ.யில் -30ஐத் தாண்டி, 17 கி.மீ. அருகே கிட்டத்தட்ட -80. கிலோமீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறைகிறது. புக்கிட் தீமா குன்று 163 மீட்டர்தான், உச்சிக்கு ஏறினாலும் ஒரு டிகிரிதான் மிச்சம், வியர்வை வேறு. மலேசியாவின் கெந்திங் மலை 1,800 மீட்டர் பக்கம் இருப்பதால்தான் அங்கே ஸ்வெட்டர் தேவைப்படுகிறது. வெயில் காற்றை நேராக அவ்வளவாகச் சூடாக்குவதில்லை. தரையைச் சூடாக்குகிறது, தரை காற்றைச் சூடாக்குகிறது, சூடான காற்று மேலே போகப்போக விரிந்து குளிர்கிறது.

படி 4: திருப்பம். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 17 கி.மீ.க்கு மேல் எண்கள் -80லிருந்து மெல்ல ஏறத் தொடங்கும். 20 கி.மீ.யில் -60களில், 30ஐ நெருங்கும்போது -45 போல. கோடு வலப்பக்கம் வளையும் அந்த முனைதான் கீழடுக்கின், அதாவது தரையை ஒட்டிய முதல் அடுக்கின், கூரை. அதற்கு மேலே மீள் அடுக்கு, அதாவது ஸ்ட்ராடோஸ்ஃபியர். அங்கே ஓசோன் புறஊதாக் கதிர்களை உறிஞ்சிக்கொண்டு காற்றைச் சூடாக்குகிறது. இந்த அடுக்கு இருப்பதை 1902ல் அறிவித்த பிரெஞ்சுக்காரர் டெய்செரெங் டி போர், வெயில் பட்டுத்தான் கருவி பொய் சொல்கிறதோ என்ற சந்தேகத்தில் பல பலூன்களை இரவில் விட்டுப் பார்த்திருக்கிறார்.

துருவப் பகுதியில் இந்தக் கூரை 8, 9 கி.மீ.யிலேயே வந்துவிடும், நமக்குத்தான் இரண்டு மடங்கு உயரம். அதனால் சாங்கியிலிருந்து சென்னைக்கு 11 கி.மீ. உயரத்தில் பறக்கும் விமானம் இன்னும் கீழடுக்குக்குள்தான் இருக்கிறது, வங்காள விரிகுடாவின் இடிமேகங்களோடு. சாயங்காலம் ப்ளாக் தாழ்வாரத்திலிருந்து தூரத்து இடிமேகத்தைப் பாருங்கள், தலை பட்டறைக்கல் மாதிரித் தட்டையாகப் பரவியிருந்தால், அது கூரையில் இடித்து நிற்கிறது என்று அர்த்தம்.

படி 5: பலூன் போகாத உயரம். 30 கி.மீ. வாக்கில் பலூன் வெடித்துவிடும். மிச்சத்தைப் புத்தக எண்களை வைத்து நிரப்புங்கள். 50 கி.மீ.யில் ஏறக்குறைய 0, அங்கே இரண்டாவது திருப்பம். பிறகு இடையடுக்கு, 85 கி.மீ.யில் -90 வரை இறங்கும். அங்கே மூன்றாவது திருப்பம், மேலே வெப்ப அடுக்கு. இதில் வெப்பநிலை ஆயிரம் டிகிரியைத் தாண்டும், கோடு தாளை விட்டே ஓடிவிடும், ஒரு அம்புக்குறி போட்டு விட்டுவிடுங்கள். அவ்வளவு டிகிரி இருந்தும் அங்கே காற்று மிகமிக மெலிது, கையை நீட்டினால் சுடாது.

படி 6: அதே நாள் இரவு 8 மணி எண்களை நீலப் பென்சிலால் மேலேயே வரையுங்கள். தரைக்குப் பக்கத்தில் இரண்டு கோடுகளும் விலகும், இரண்டு கி.மீ. தாண்டினால் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டே போகும்.