பழைய கிராமத்து வீட்டைப் புதுப்பிக்கிறீர்களா? சிமெண்ட் மூட்டையைத் தள்ளி வையுங்கள்

கிராமத்துப் பழைய வீட்டைப் புதுப்பிக்க இறங்கும் பலர் முதலில் கைவைப்பது சுவரில்தான். பொரிந்து உதிரும் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, இனி கவலையே இல்லை என்று சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். சில மழைக்காலம் போனதும் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயிண்ட் கொப்புளம் விட்டு நிற்கும். நல்லெண்ணத்தோடு பழைய வீடுகளுக்குச் செய்யப்படும் கெடுதல்களில் இதுதான் தலையாயது என்பேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கப்பட்டது 1824இல். சாதாரண வீட்டு வேலைக்கு அது பரவலாக வந்து சேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்கு முந்தைய முறையில் எழுந்த கல், செங்கல், மண் சுவர்களைப் பிடித்து நிறுத்தியது பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்து அல்லது மண் சாந்து. அடியில் ஈரத்தைத் தடுக்கும் படலம் எதுவும் இருக்காது. தரையிலிருந்து கொஞ்சம் ஈரம் ஏறும், மழையில் கொஞ்சம் ஊறும். நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது வெளியேறிவிடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. மயிரிழை விரிசலில் உள்ளே போன தண்ணீர் திரும்பி வர இடமில்லாமல் சுவருக்குள்ளேயே மேலேறுகிறது. அதில் கரைந்திருக்கும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லின் முகத்தையே உதிர்த்துவிடும்.

கல் இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்தாலும் இதே கதிதான். சாந்து எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். சுவர் லேசாக அசையும்போது அடிபட வேண்டியது சாந்து. அதைச் சுரண்டி எடுத்து மறுபடி வைக்கலாம். உடைந்த கல்லை மாற்றுவது லேசான காரியமா?

பிளாஸ்டிக் பெயிண்ட், பட்டி, வாட்டர்ப்ரூஃப் பூச்சு, சுவரின் கீழ்ப்பகுதியில் டைல்ஸ் எல்லாமே இதே தவறின் வேறு உருவங்கள். மண் தரையை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் தாள் விரித்து கான்கிரீட் போடுவதும் அப்படித்தான். தரை வழியே ஆவியாக முடியாத ஈரம் பக்கத்துச் சுவரைத் தேடிப் போகும்.

சரி, ஓதம் இருந்தால் என்ன செய்வது? முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நகர்ந்த ஓடு, கூரைத் தண்ணீர் சுவரோரமாகவே விழும் இடம், அப்புறம் பலர் கவனிக்காமல் விடும் வெளித்தரை. வருஷக்கணக்கில் மண் கொட்டிக் கொட்டி அது உள்தரைக்கு மேலேயே உயர்ந்திருக்கும். அஸ்திவாரம் வெளியே தெரிந்துவிடாதபடி அதை வெட்டி, உள்தரையைவிட 15 செ.மீ. தாழ்வாகக் கொண்டுவந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்த வீடுகள் உண்டு. அதன்பிறகு சுவர் காய அவகாசம் கொடுங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டிட வேலையில் புழங்கும் தோராயக் கணக்கு. அப்படியானால் 18 அங்குலச் சுவருக்கு ஒன்றரை வருஷம். குடியேறும் தேதியை முன்கூட்டியே குறித்துவிட்டு வேலையைத் தொடங்குபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

விரிசலையும் கண்டவுடன் அடைக்காதீர்கள். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு பக்கமும் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதி வையுங்கள். மழையும் கோடையும் ஒரு சுற்று வந்த பிறகும் கண்ணாடி முழுசாக இருந்தால், அது எப்போதோ அசைந்து அடங்கிப்போன பழைய விரிசலாக இருக்கலாம். சாந்து வைத்து மூடிவிடலாம். உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. அப்போது பழைய கட்டிடங்களில் பழக்கமுள்ள என்ஜினியரைத்தான் கூப்பிட வேண்டும்.

மர விஷயத்தில் எனக்கு ஆதங்கம் அதிகம். ஒரு முனை உளுத்தது என்பதற்காக முழு உத்தரத்தையும் கழற்றி எறிகிறார்கள். உத்தரம் சுவருக்குள் புகும் இடம்தான் பெரும்பாலும் கெடும், ஈரம் அங்கேதான் தங்கும். கூர்மையான கம்பியால் முனையிலிருந்து நடுப்பக்கம் வரை குத்திப் பாருங்கள். எங்கே கம்பி சதக்கென்று இறங்காமல் நிற்கிறதோ, அங்கிருந்து நல்ல மரம். கெட்ட பகுதியை மட்டும் வெட்டி, அதே வகை மரத்தில் ஒட்டுச்சேர்க்கத் தெரிந்த தச்சர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு அங்கே வேலையில்லை. எனவே முனையைச் சிமெண்டில் புதைக்காமல் சுற்றிலும் காற்றோட்டம் விடுங்கள்.

பக்கத்தில் புது அறை கட்டும்போது பழைய சுவரோடு இறுக்கிப் பிணைத்துவிட வேண்டாம். பழையது எப்போதோ அமர்ந்துவிட்டது, புதியது இனிதான் அமரும். இரண்டுக்கும் நடுவே அசைவுக்கு இடைவெளி விடாவிட்டால் சேரும் இடம் பிளக்கும். பழைய அஸ்திவாரத்துக்கு ஒட்டி, அதைவிட ஆழமாகப் பள்ளம் தோண்டுவது அதைவிட ஆபத்து. புது அறைக்குப் போலியாகப் பழைய தோற்றம் கொடுக்கவும் தேவையில்லை. ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டுருவாக்கம் நின்றுவிட வேண்டும் என்று பழைய கட்டிடங்களைப் பாதுகாப்பது பற்றிய சர்வதேச ஆவணமான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் சொல்கிறது. நினைவுச் சின்னங்களுக்காக எழுதப்பட்டதுதான், ஆனாலும் வீட்டுக்கும் அது பொருந்தும்.

கடைசியாக, ஒயரிங்கும் குழாயும். மண்ணோ சுண்ணாம்போ வைத்துக் கட்டிய சுவரில் மெஷின் வைத்து நீளமாகக் கிடைமட்டக் காடி வெட்டினால் சுவரின் பலம் அந்தக் கோட்டில் அறுந்துபோகும். ஒயரைச் சுவரின் மேலேயே குழாயில் கொண்டுபோகச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயை எந்தக் காரணத்துக்காகவும் சுவருக்குள் புதைக்க விடாதீர்கள். வெளியில் தெரிந்தால் கசிவு அன்றைக்கே கண்ணில் படும்.