எழுதாத கட்டளைகள் எங்கிருந்து வருகின்றன? லினக்ஸ் டிஸ்அசெம்பிளியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அசெம்பிளியில் நாமே எழுதிய சின்ன நிரலை, இயந்திரக் குறியீட்டை மீண்டும் கட்டளைகளாக மாற்றிக் காட்டும் (டிஸ்அசெம்பிளி) ஆப்ஜ்டம்ப் கருவியில் கொடுத்தால், எழுதாத கட்டளைகள் வரிசைகட்டி வரும். கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். தரவைக் கட்டளையாகப் படிக்க வைத்திருப்போம், அவ்வளவுதான்.

பெரும்பாலும் இது கட்டளைகளுக்கான டெக்ஸ்ட் பிரிவுக்குள்ளேயே சரத்தை (எழுத்துத் தொடரை) வைப்பதால் வரும். ஆப்ஜ்டம்ப் தாவல்களை, அதாவது வேறு முகவரிக்குப் போகச் சொல்லும் கட்டளைகளை, பின்தொடராது. ஒரு முனையிலிருந்து பைட்டுகளை வரிசையாகப் படித்துக்கொண்டே போகும். ஆங்கிலத்தில் 'ஹெலோ' என்று எழுதினால் முதல் எழுத்தின் பதினாறடிமான மதிப்பு 48. அது 64-பிட்டில் ரெக்ஸ் முன்னொட்டு, அதாவது ஒரு கட்டளையின் முன்னால் வரும் பைட். அடுத்த எழுத்தின் 65, ஜிஎஸ் என்ற இன்னொரு முன்னொட்டு. எக்ஸ்86 (இன்டெல் வகைச் செயலி) கட்டளை 15 பைட் வரை நீளலாம் என்பதால், சரத்தின் வால் அடுத்துள்ள உண்மையான கட்டளையின் தலையையும் விழுங்கிவிடும். ஒரு தாவல் போய்ச் சேரும் முகவரி பட்டியலில் எந்த வரியின் தொடக்கமாகவும் இல்லையென்றால், நடந்தது இதுதான்.

இங்கே ஆப்ஜ்டம்புக்குக் கொடுக்கும் சிறிய டி, பெரிய டி விருப்பங்களின் வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை. பெரிய டி எல்லாப் பிரிவுகளையும் பிரிக்கும் என்பது பாதிக் கதை. சிறிய டி லேபிள்களை (நிரலின் இடங்களுக்கு வைத்த பெயர்களை) எல்லையாக மதிக்கும். அந்த இடத்தில் புதிய கட்டளை தொடங்குவதாகக் கொண்டு, தடம் மாறியிருந்தாலும் திரும்பிவிடும். பெரிய டி அந்த எல்லையைப் பொருட்படுத்தாது. கோப்பிலிருந்து பெயர்களை நீக்கும் ஸ்ட்ரிப்பைச் செய்துவிட்டால் லேபிள்களே இருக்காது, சிறிய டியும் தடுமாறும். ஆகவே ஸ்ட்ரிப்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சரத்தை, படிக்க மட்டுமான தரவுக்குரிய ரோடேட்டா பிரிவுக்கு மாற்றுங்கள். அடுத்தவர் கோப்பு என்றால், தாவல் சுட்டும் முகவரியைத் தொடக்க முகவரியாகக் கொடுத்துப் பாருங்கள்.

நாஸ்ம் என்ற அசெம்பிளரில் வெளியீட்டு வடிவத்தைச் சொல்லாமல் விட்டால் லினக்ஸின் நிரல் கோப்பு வடிவமான இஎல்எஃப் கிடைக்காது, வெறும் பைனரிதான் வரும். ஆப்ஜ்டம்ப் அதை அடையாளம் தெரியவில்லை என்று தள்ளிவிடும். அப்போது பெரிய டியோடு, பைனரி என்பதையும் கட்டமைப்பையும் நாமே சொல்ல வேண்டும். 32-பிட் என்று தவறாகச் சொன்னால், அதே 48, செயலியின் 32-பிட் பதிவகமான இஏஎக்ஸிலிருந்து ஒன்றைக் கழிக்கும் கட்டளையாகிவிடும்.

சில நேரம் தவறே இருக்காது. 64-பிட் பதிவகமான ஆர்ஏஎக்ஸில் 1 வைக்கச் சொல்லியிருப்போம்; பட்டியலில் அதன் கீழ்ப் பாதியான இஏஎக்ஸ் இருக்கும். நாஸ்ம் 7 பைட்டை 5 ஆகச் சுருக்கியிருக்கிறது. இஏஎக்ஸில் எழுதினால் மேல் 32 பிட்டுகள் தாமாகவே பூச்சியமாகும், விளைவு ஒன்றே. மூலமும் இலக்கும் இடம் மாறித் தெரிந்தால் அது ஏடி அண்டு டி எழுத்துமுறை. இன்டெல் விருப்பத்தைக் கொடுத்தால் போதும்.

பிழைதிருத்தும் கருவியான ஜிடிபியில், லேபிள் இல்லாத கோப்புக்கு 'டிஸ்அசெம்பிள்' என்று மட்டும் கொடுத்தால் வேலை செய்யாது. 'ஸ்டார்ட்ஐ' கொடுத்து முதல் கட்டளையில் நிறுத்தி, 'எக்ஸ்/10ஐ $பிசி' என்று கேளுங்கள்.