செயினை அளவுக்கு மீறி இறுக்காதீர்கள்
300, 400 சிசி ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் பெரும்பாலும் ஓ-ரிங் செயின்தான்; அதாவது, இணைப்புகளுக்குள் கிரீஸை அடைத்துவைக்கும் ரப்பர் வளையங்கள் உள்ள செயின். பெட்ரோலோ கம்பி பிரஷ்ஷோ பட்டால் அந்த ரப்பர் கெட்டு, உள்ளே அடைத்த கிரீஸ் வெளியேறிவிடும். சுத்தம் செய்ய மண்ணெண்ணெய், நைலான் பிரஷ் போதும். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் ஓட்டினால் அன்றே, துடைத்துவிட்டு உட்பக்கமாக செயின் லூப் (மசகு ஸ்பிரே) அடியுங்கள். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும்; கியரில் போட்டு எஞ்சினை ஓடவிட்டு விரலை இழந்தவர்கள் உண்டு.

செயினுக்கு எவ்வளவு தொய்வு வேண்டும் என்ற அளவு, ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்த்து, செயின் மிக இறுக்கமாக நிற்கும் இடத்தில் அந்த அளவை வையுங்கள். தொங்குகிறதே என்று கூடுதலாக இறுக்கினால், பின்னால் ஆள் ஏறியதும் செயின் விறைத்து கியர்பாக்ஸ் பேரிங்கைப் பதம் பார்த்துவிடும். பின்சக்கரம் நேராக நிற்க, அச்சின் இரு பக்கமும் உள்ள அளவுக் கோடுகள் ஒன்றாக இருக்கட்டும்.