முதியோர் பெருகும் வரைபடம்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த நர்ஸ்களுக்கு ஒரு எழுத்துப் பயிற்சி

ஊரில் நர்சிங் முடித்து, ஐ.சி.யூ.வில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர்கள் இங்கே வந்து கேர் அசிஸ்டென்ட் சீருடையில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். கைத்திறனில் அவர்களிடம் குறை கிடையாது. பலரைத் தடுத்து நிறுத்துவது ஆங்கிலத் தேர்வு, அதிலும் ரைட்டிங். அந்த ரைட்டிங்கில் முதல் கேள்வியாக வரும் வரைபடத்தைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். முதியோர் எண்ணிக்கை பற்றிய வரைபடத்தையே எடுத்துக்கொள்வோம். பயிற்சிக் கேள்விகளில் அடிக்கடி வருவது அது. தினமும் கேர் ஹோமில் முதியவர்களோடு இருக்கும் உங்களுக்கு அந்நியமான விஷயமும் இல்லை.

முதலில் தேர்வுக்குப் பதிவு செய்யும்போதே கவனம் வேண்டும். நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலில் (என்.எம்.சி.) பதிவு பெற ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வை எழுதுவதானால் அகாடமிக் தேர்வைத்தான் எழுத வேண்டும். ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் தலா 7, ரைட்டிங்கில் 6.5 தேவை. அதன் இன்னொரு வகையான ஜெனரல் டிரெய்னிங் தேர்வில் ரைட்டிங்கின் முதல் கேள்வி கடிதம் எழுதுவது. அகாடமிக்கில் வரைபடம், அட்டவணை போன்றவை வரும். குறைந்தது 150 சொற்கள், அதற்கு 20 நிமிடம். இரண்டாவது கேள்வியான கட்டுரைக்கு 250 சொற்கள், 40 நிமிடம், மதிப்பும் இரு மடங்கு. வரைபடத்திலேயே அரை மணி நேரத்தைச் செலவழித்தால் கட்டுரை அடிவாங்கும்.

சரி, ஒரு வரைபடத்தை நாமே போட்டுப் பார்ப்போம். ஜப்பானிலும் பிரிட்டனிலும் மொத்த மக்களில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் பங்கு. 1950-இல் ஜப்பானில் சுமார் 5 சதவீதம், பிரிட்டனில் சுமார் 11. 1990-இல் ஜப்பான் 12, பிரிட்டன் 16. 2020-இல் ஜப்பான் ஏறக்குறைய 29, பிரிட்டன் 19. ஒரு நோட்டில் இரண்டு கோடுகளாக வரைந்துகொள்ளுங்கள்.

பேனாவை எடுக்கும் முன் ஒரு நிமிடம் அந்தப் படத்தைச் சும்மா பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் போனில் "அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "இரண்டு நாட்டிலும் ஏறிக்கிட்டே போகுது. ஆனா கீழே கிடந்த ஜப்பான் கடைசியில் பிரிட்டனைத் தாண்டி எங்கேயோ போயிடுச்சு." அவ்வளவுதான். ஓவர்வியூ, அதாவது படம் மொத்தமாகச் சொல்வதன் சுருக்கம், என்பது இதுதான். 'ஓவரால், தி ப்ரொபோர்ஷன் ரோஸ் இன் போத் கன்ட்ரீஸ், பட் ஜப்பான், விச் ஸ்டார்ட்டட் லோயர், எண்டட் மச் ஹையர்.' இதில் ஒரு எண்கூட இல்லை, இருக்கவும் வேண்டாம். நம்மவர்கள் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். 1950 இவ்வளவு, 1990 இவ்வளவு என்று நர்சிங் சார்ட்டில் பி.பி. குறிப்பதுபோல வரிசையாக எழுதிக்கொண்டே போவார்கள். எண்ணெல்லாம் சரியாக இருக்கும், படம் சொல்வது மட்டும் விடுபட்டிருக்கும். ஷிஃப்ட் மாறும்போது ஹேண்ட்ஓவர் கொடுப்பீர்களே, அதில் முதலில் "நேற்றைவிடத் தேவலை" என்றோ "மோசமாகிக்கொண்டு வருகிறார்" என்றோ சொல்லிவிட்டுத்தானே பி.பி. போன்ற எண்களுக்குப் போவீர்கள்? அதே வரிசைதான் இங்கேயும்.

அடுத்து, தமிழில் யோசிப்பதால் வரும் சில வழுக்கல்கள். இவற்றை மற்ற மொழிக்காரர்களின் பயிற்சி வகுப்புகளில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'65 வயதுக்கு மேற்பட்டோர்' என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். அதை அப்படியே 'அபவ் 65' என்று எழுதினால் சரியாக 65 வயதில் இருப்பவர்கள் வெளியே போய்விடுவார்கள். 'பீப்பிள் ஏஜ்ட் 65 அண்ட் ஓவர்' என்று எழுதுங்கள்.

'இரண்டு மடங்கு அதிகரித்தது' என்பது தமிழில் சரளமாக வரும். ஆங்கிலத்தில் 'இன்கிரீஸ்ட் பை டூ டைம்ஸ்' என்று எழுதாதீர்கள், 'டபுள்ட்' என்ற ஒரு சொல் போதும். ஜப்பானில் 1950-இலிருந்து 1990-க்குள் இரு மடங்கைத் தாண்டிவிட்டது, எனவே 'மோர் தேன் டபுள்ட்'.

'வாஸ் இன்கிரீஸ்ட்' என்பது இன்னொன்று. யாரோ ஒருவர் கூட்டினார் என்ற பொருள் அதில் வந்துவிடும். பங்கு தானாக ஏறியது, ஆகவே வெறும் 'இன்கிரீஸ்ட்' அல்லது 'ரோஸ்'.

லட்சம், கோடி என்று தேர்வில் எழுதவே கூடாது. 10 லட்சம் ஒரு மில்லியன் என்பதை மட்டும் மனதில் பதித்துக்கொண்டால் போதும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பம் எண்ணிக்கைக்கும் பங்குக்கும் இடையில் வருவது. இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 92 லட்சம் பேர், மொத்தத்தில் 16.4 சதவீதம். 2021-இல் 1 கோடியே 11 லட்சம் பேர், 18.6 சதவீதம். தலைகளை எண்ணினால் 19 லட்சம் கூடியிருக்கிறது, அதாவது சுமார் ஐந்தில் ஒரு பங்கு உயர்வு. பங்கைப் பார்த்தால் 2.2 கூடியிருக்கிறது. இந்த 2.2-ஐ '2.2 பெர்சன்ட்' என்று எழுதினால் தவறு, '2.2 பெர்சன்டேஜ் பாயின்ட்ஸ்' என்று எழுத வேண்டும். ஒரே பத்தாண்டின் கதைதான், ஆனால் எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. வரைபடத்தின் செங்குத்து அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விரலை வைத்துப் படியுங்கள். சதவீதப் படத்தைப் பார்த்து 'முதியோர் எண்ணிக்கை கூடியது' என்று எழுதினால், படம் சொல்லாததை நீங்கள் சொன்னதாகிவிடும்.

காலமும் முக்கியம். 1950 முதல் 2020 வரை முடிந்துபோன கதை, எனவே இறந்தகாலம். படம் 2050 வரை நீண்டால் அந்தப் பகுதிக்கு மட்டும் 'இஸ் ப்ரொஜெக்டட் டு' அல்லது 'இஸ் எக்ஸ்பெக்டட் டு'. 'வில்' என்று அடித்துச் சொல்ல வேண்டாம், அது வெறும் மதிப்பீடுதான்.

வேகத்தைச் சொல்ல நாலைந்து சொற்கள் போதும்: 'கிராஜுவலி', 'ஸ்டெடிலி', 'ஷார்ப்லி', 'ரிமெய்ன்ட் ஸ்டேபிள்'. ஆனால் அவற்றைப் படத்தோடு பொருத்தத் தெரிய வேண்டும். முதியோர் பங்கு 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக உயர பிரான்ஸுக்கு ஏறத்தாழ 115 ஆண்டுகள் ஆயின. ஜப்பான் அதே தூரத்தை 1970-க்கும் 1994-க்கும் இடையில், 24 ஆண்டில் கடந்தது. முதலாவதற்கு 'கிராஜுவலி', இரண்டாவதற்கு 'ஷார்ப்லி'. இப்படி நிஜமான எண்களோடு சேர்த்துப் படித்தால் சொல் மறக்காது. மனப்பாடம் செய்த அலங்காரச் சொற்றொடர்களைக் கொண்டுவந்து ஒட்டுவதைத் திருத்துபவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொன்று. வரைபடக் கேள்வியில் 'ஏன்' என்ற பேச்சே கூடாது. மருத்துவம் முன்னேறியது, குழந்தைகள் குறைந்தன என்றெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் படத்தில் இல்லாத எதையும் எழுதக் கூடாது. அந்த அறிவையெல்லாம் இரண்டாவது கேள்விக்கு வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் முதுமை பற்றிய கேள்வி வந்தால் அங்கே தாராளமாகப் பேசலாம்: இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் 1947-இலும் 1964-இலும் உச்சத்தைத் தொட்ட பிறப்புகள், அந்தத் தலைமுறை இப்போது ஓய்வுக்காலத்தை அடைவது, அரசு ஓய்வூதிய வயது 66-இலிருந்து 67-க்கு உயர்வது. நம் ஊரும் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள் என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொன்னது. மக்கள்தொகை குறையாமல் இருக்க 2.1 வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் ஊரில் தனியாக என்ற நிலைமையை உங்களைவிட நன்றாக யார் எழுத முடியும்? கேர் ஹோமில் பார்த்ததையும் எழுதலாம், ஆனால் அங்கே தங்கியிருப்பவர்களின் பெயரையோ அடையாளத்தையோ தேர்வுத்தாளில்கூடக் கொண்டுவராதீர்கள்.

பயிற்சிக்கு வகுப்பு கட்டாயமில்லை. பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகமான ஓ.என்.எஸ். தன் தளத்தில் இத்தகைய வரைபடங்களை இலவசமாகவே வைத்திருக்கிறது. வாரத்துக்கு இரண்டு எடுங்கள். முதல் வாரம் ஓவர்வியூ இரண்டு வரி மட்டும் எழுதுங்கள், முழு விடைக்குப் போகாதீர்கள். அது பழகிய பிறகு கடிகாரத்தை வைத்து 20 நிமிடத்தில் முழுசாக எழுதி, உடன் வேலை பார்க்கும் ஆங்கிலேயர் யாரிடமாவது படிக்கக் கொடுங்கள். படத்தைக் காட்டாமல் கொடுக்க வேண்டும். படித்ததை வைத்து அவரால் கோடுகளைத் தாளில் வரைய முடிந்தால் உங்கள் விடை நன்றாக இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் வரைபடம் கைவராவிட்டால் மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. எழுதலாம், என்.எம்.சி. அதையும் ஏற்கிறது. அதில் ரைட்டிங் என்பது நோயாளியைப் பற்றிய கடிதம், வரைபடமே கிடையாது. கட்டணம்தான் அதிகம். ஐ.இ.எல்.டி.எஸ். இரண்டு முறை எழுதிய மதிப்பெண்களைச் சில நிபந்தனைகளோடு சேர்த்துக் காட்டவும் வழி உண்டு; மறுபடி பணம் கட்டும் முன் என்.எம்.சி. தளத்தில் அன்றைய விதியைப் படித்துவிடுங்கள். அப்புறம், நைட் ஷிஃப்ட் முடிந்த காலையில் தேர்வு வைத்துக்கொள்ளாதீர்கள். தேதி கிடைத்த அன்றே மேனேஜரிடம் சொல்லி, ரோட்டாவில் (ஷிஃப்ட் அட்டவணையில்) முந்தின இரவை விடுப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள்.