பித்தளைக் கம்பிகளில் ஓர் ஒலிச் சிற்பம்: அடித்தகட்டில் நான் திருத்திக்கொண்ட பிழை

ஹாரி பெர்டோயா 1915இல் இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த சிற்பி. 1952இல் வெளிவந்த கம்பிவலை நாற்காலியால் புகழ்பெற்ற அவர், பின்னர் ஒரு தகட்டின்மேல் உலோகக் கம்பிகளை நெருக்கமாக நட்டு, கையால் வருடினால் நெடுநேரம் ஒலிக்கும் சிற்பங்களைச் செய்தார். அவற்றைப் பென்சில்வேனியாவில் தமது வீட்டருகே இருந்த பழைய களஞ்சியத்தில் வைத்துத் தாமே இசைத்து, பதினொரு இசைத்தட்டுகளாகப் பதிவும் செய்தார். அந்தப் பதிவுகளைக் கேட்ட பிறகுதான் நாகர்கோவிலில் என் வீட்டு மாடியில் இதைத் தொடங்கினேன். இங்கே விளக்கப்போவது இருபத்தைந்து கம்பிகள் கொண்ட ஒரு சிறிய சிற்பம்.

பெர்டோயா பல சிற்பங்களுக்குப் பெரிலியம் கலந்த செம்பைப் பயன்படுத்தினார். வீட்டில் செய்பவர்கள் அதைத் தேடிப் போகவேண்டாம். அதை அறுக்கும்போதும் அரத்தால் தேய்க்கும்போதும் எழும் தூசு நுரையீரலுக்குக் கடும் கேடு செய்யும். 3 மி.மீ. பித்தளைக் கம்பியே போதும். சுருளாக விற்பதை வாங்காமல், நேராக இழுத்த கடினக் கம்பியாகக் கேட்டு வாங்குங்கள், ஏனெனில் சுருளைக் கையால் எவ்வளவு நிமிர்த்தினாலும் வளைவு முழுவதும் போகாது. தலா 41 செ.மீ. நீளத்தில் (அதில் 1 செ.மீ. தகட்டுக்குள் போகும்) இருபத்தைந்து துண்டுகளுக்கு 600 கிராமுக்குச் சற்று மேல் எடை வரும். அடித்தகட்டுக்கு 12 செ.மீ. சதுரமும் 10 மி.மீ. தடிமனும் உள்ள பித்தளை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தகடு கம்பியோடு சேர்ந்து தானும் அதிர்ந்து ஒலியைக் குடித்துவிடும். கம்பிகளை வெட்டியபின் மேல்முனைகளை அரத்தால் உருட்டிவிடுங்கள். குனிந்து பார்க்கிறவரின் கண்ணருகே அவை நிற்கும் என்பதை மறக்கவேண்டாம்.

துளைகளுக்கு இடையே மையத்திலிருந்து மையம் 12 மி.மீ. விட்டு, ஐந்துக்கு ஐந்தாகக் குறித்து, சென்டர் பஞ்சால் (துளையிடும் இடத்தில் சிறு குழி பதிக்கும் கூர்முனைக் கருவி) புள்ளியிடுங்கள். கையில் பிடிக்கும் டிரில்லை நான் பரிந்துரைக்கமாட்டேன். துளை அரை டிகிரி சாய்ந்தாலும் 40 செ.மீ. உயரத்தில் கம்பி மூன்றரை மி.மீ. விலகிப் பக்கத்துக் கம்பியை நெருங்கிவிடும். பக்கத்து லேத் பட்டறையில் நிலையான துளையிடும் எந்திரத்தில் செய்துவாங்குவதே நல்லது. அதே நேரத்தில் ஒரு பிளைவுட் துண்டையும் தகட்டோடு இறுக்கி வைத்து ஒன்றாகத் துளைக்கச் சொல்லுங்கள், அது பின்னால் உதவும். துளையின் அளவு 3.1 மி.மீ. இருக்கட்டும். சரியாக 3 மி.மீ. துளைத்தால் கம்பி இறுகி, கம்பியைத் தகட்டோடு ஒட்ட உருக்கி ஊற்றும் ஈயப்பற்று (சால்டர்) உள்ளே இறங்க வழியில்லாமல் போகும்.

கம்பியின் வேரைத் தகட்டில் பொருத்தும் இடத்தில்தான் என் முதல் சிற்பம் கெட்டது. உறுதியாக நிற்கவேண்டும் என்ற எண்ணத்தில் வெள்ளிப் பற்று வைத்து ஊதினேன். அந்தப் பற்று உருகுவதற்கு 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். ஆறியபின் எல்லாம் அழகாகவே இருந்தது. ஆனால் விரலால் வருடிய கம்பிகள் நிமிர்ந்து வராமல் சாய்ந்த இடத்திலேயே நின்றன. ஒலியும் எழுந்த உடனே அடங்கியது. கோவில் நகை செய்யும் வடசேரி ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டியபோது, வேரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூட்டில் கம்பி பதம் இழந்துவிட்டது என்றார். இழுத்துக் கடினமாக்கிய பித்தளைக்குள் இருக்கும் இறுக்கம்தான் அதன் வில்தன்மை. செந்நிறம் வரும்வரை சூடாக்கினால் அந்த இறுக்கம் தளர்ந்து, கம்பியின் மிக அதிகமாக வளையவேண்டிய பகுதியே மென்மையாகிவிடுகிறது. மறுபடி குளிரவைத்தாலும் அது திரும்பி வராது. அந்த இருபத்தைந்து கம்பிகளையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டினேன்.

ஆகவே, 190 டிகிரிக்கு அருகில் உருகும் சாதாரண ஈயப்பற்றையே பயன்படுத்துங்கள். பற்றுக் கம்பியை 3 மி.மீ. ஆணியில் சுற்றி அறுத்தால் சிறு வளையங்கள் கிடைக்கும். துளைகளுக்குள் பற்றுப் பசையை (பற்று உலோகத்தில் பிடிக்க உதவும் ஃபிளக்ஸ்) தடவி, கம்பிகளைச் செருகி, ஒவ்வொரு வேரிலும் ஒரு வளையத்தைப் போட்டு, துளையிட்ட பிளைவுட்டை மேலே 35 செ.மீ. உயரத்தில் மரக்கட்டைகளால் தாங்கி நிறுத்துங்கள். இப்போது கம்பிகள் தாமாகவே நேராக நிற்கும். தகட்டை அடியிலிருந்து மெதுவாகச் சூடேற்றினால், வளையங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் மின்னி உருகித் துளைக்குள் இறங்கும். அந்தக் கணமே அடுப்பை அணைத்துவிட்டு, முழுவதும் ஆறும்வரை எதையும் தொடாதீர்கள். காற்றோட்டமான இடத்தில், சமையலுக்குப் பயன்படாத அடுப்பில் செய்யுங்கள். எபாக்சிப் பசையும் பிடிக்கும், ஆனால் வேரில் மெத்தை வைத்ததுபோல் ஒலியை மழுங்கடிக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை.

சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலில் ஒரே கல்லில் செதுக்கிய இசைத்தூண்கள் இரு முனையிலும் கல்லோடு கல்லாக ஒன்றியிருப்பதால்தான் தட்டும்போது தெளிவாகப் பேசுகின்றன. நம் கம்பிக்கு ஒரு முனை மட்டுமே பிடிமானம் என்பதால் அந்த ஒரு முனையில் தளர்வு கூடவே கூடாது.

கம்பியை வருடியதும் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் நொடிக்கு ஏறத்தாழ 9 தடவை நிகழ்கிறது. அது காதுக்கு எட்டாத அடிப்படை அதிர்வு. காதில் விழுவது அதற்கு மேலே ஒரே நேரத்தில் நிகழும் அதிர்வுகள், ஏறத்தாழ 56, 158, 310 ஹெர்ட்சு என்று அவை ஏறிச் செல்கின்றன. முழு எண் மடங்குகளாக இல்லாததால்தான் வீணைத் தந்தியைப்போல் ஒரு சுரமாகக் கேட்காமல் கோவில் மணியைப்போல் கலந்து ஒலிக்கிறது. நீளத்தை 11 மி.மீ. குறைத்தால் ஒலி ஏறத்தாழ ஒரு சுரத்தானம் (ஸ்தாயியின் பன்னிரண்டு படிகளில் ஒன்று) உயரும். ஆனால் இதைச் சுரம் சேர்க்க முயலாதீர்கள் என்பதே என் கருத்து. கம்பிக்குக் கம்பி 1 மி.மீ. மட்டும் வேறுபடட்டும். 310 ஹெர்ட்சு அருகே அந்த வேறுபாடு நொடிக்கு ஒன்றரை முறை ஒலி பெருகித் தணியும் அலைவைத் தரும், அந்த மூச்சுதான் இந்தச் சிற்பத்தின் அழகு. தகட்டை உள்ளே வெற்றிடமுள்ள மரப்பெட்டியின்மேல் வைத்தால் ஒலி இன்னும் நிறையும்.

பிற்சேர்க்கை: ஆரல்வாய்மொழியிலிருந்து ஒருவர், தம் வீட்டு முற்றத்தில் ஆடிக்காற்றிலும் இது ஒலிக்கவில்லை என்று எழுதினார். காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் கணவாய்க் காற்றிலும் 40 செ.மீ. கம்பி ஓரிரு மி.மீ. மட்டுமே வளைகிறது, இடைவெளியோ 9 மி.மீ., ஆகவே கம்பிகள் ஒன்றோடொன்று மோதுவதில்லை. ஒரே காற்றில் நீளத்தை இரட்டிப்பாக்கினால் வளைவு 16 மடங்காகும். எனவே வெளியே வைக்க விரும்புகிறவர்கள் 80 செ.மீ. கம்பியைக் கனமான தகட்டில் நடவேண்டும். இங்கிலாந்தின் பர்ன்லி நகரருகே 2006இல் நிறுவிய, காற்றில் பாடும், மர வடிவிலான எஃகுக் குழாய்ச் சிற்பம் வேறு வகை. அங்கே ஒலிப்பது குழாய்க்குள் இருக்கும் காற்று.

இன்னொரு பிற்சேர்க்கை: குளச்சல் பக்கத்து வாசகர் ஒருவருக்கு இரண்டே மாதத்தில் வேர்களில் பச்சைப் பூப்பு வந்துவிட்டது. கடற்காற்று மட்டும் காரணமன்று; பற்றுப் பசையின் மிச்சத்தை அவர் கழுவவில்லை. பற்றுவைத்த அன்றே சுடுநீரில் பல்துலக்கும் தூரிகையால் வேர்களுக்கு இடையே தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்திவிடுங்கள். நிறம் மங்கினால் புளிக்கரைசலால் துடைக்கலாம், ஆனால் அதையும் உடனே நீரால் அலசிவிடவேண்டும்.