வல்லாரைக்கு ஒரு பழைய பேசின் போதும்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று கடலோர எழுவான்கரைப் பக்கம் இருப்பவர்கள் வல்லாரையை நேரே வளவில் நடுவதை விட்டுவிடுங்கள். நம்முடையது கடற்கரை மணல், காலையில் ஊற்றுகிற தண்ணீர் வெயில் ஏறுமுன்னே கீழே இறங்கிவிடும், வல்லாரையோ வயல் வரம்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஈரத்தில் கிடந்து படர்கிற சாதி. அதனால் ஏதாவது பாத்திரத்தில் வைப்பதுதான் சரி.

வேர் ஆழமாகப் போகாது, கொடி பக்கவாட்டில் ஓடும். ஆகவே ஒரு சாண் ஆழமுள்ள, வாய் அகன்ற பழைய பிளாஸ்டிக் பேசின் போதும், அடியில் நாலைந்து துளை போட்டுக்கொள்ளுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் ஒரு உரப்பை வயல்மண் கேட்டு வாங்குங்கள், அதைவிட நல்ல மண் இதற்கு இல்லை. நன்றாக மக்கிய மாட்டெருவையும் கொஞ்சம் மணலையும் கலந்தால் சரி. பச்சைச் சாணி வேண்டாம், வேர் கருகிவிடும்.

விதை தேடி அலைய வேண்டாம். சந்தையில் பிடி வாங்கும்போது வேரோடு இருப்பதாகப் பாருங்கள். இலையையும் பாருங்கள்: வல்லாரை இலையில் காம்பு சேரும் இடம் பிளந்திருக்கும். வட்டமான இலையின் நடுவில் காம்பு குத்தி நிற்கிறதென்றால் அது வேறு செடி, அழகுக்கு வளர்ப்பது. பெரிய இலைகளை எல்லாம் கிள்ளிச் சமையலுக்கு எடுத்துவிட்டு, இரண்டு சின்ன இலையோடு கணுவை மண்ணில் அழுத்தி, ஒரு கிழமைக்கு நிழலில் வையுங்கள்.

பிறகு காலை வெயில் மட்டும் படுகிற இடம். கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று அடிக்கிற மாதங்களில் மாமர நிழல் அல்லது மேலே ஒரு கிடுகு கட்டாயம் வேண்டும். அதற்காக முழு இருட்டில் வைத்தால் காம்புதான் நீளும், இலை வெளிறிப்போகும்.

தண்ணீர் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வாவிக்குக் கிட்டவுள்ள கிணறுகள் கோடையில் உவர்த்துவிடும், அந்தத் தண்ணீரையே நாள்தோறும் ஊற்றினால் இலையின் ஓரம் பழுப்பாகும், மண்ணின் மேல் வெள்ளையாகப் படியும். உடனே உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் எருவைக் கொட்டுவார்கள், அது இன்னும் கேடு. குழாய்த் தண்ணீரோ சேர்த்து வைத்த மழைத் தண்ணீரோ துளை வழியாக ஓடும்வரை ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள். பேசினுக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள், தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்புக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. மாரியில் இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள், நத்தை வந்தால் இரவில் டோர்ச் அடித்துப் பொறுக்கி எடுக்க வேண்டியதுதான். பச்சையாகத் தின்கிற இலைக்கு மருந்து அடிப்பது சரியில்லை. அதேபோலக் குளியலறைக் கழிவு நீர் ஓடுகிற இடத்திலும் வளர்க்க வேண்டாம், மண்ணிலுள்ள கன உலோகங்களையும் இந்தச் செடி இழுத்துக்கொள்ளும்.

இரண்டு மாதமளவில் வெளிப்பக்க இலைகளைக் காம்போடு வெட்டலாம். வேரோடு பிடுங்காதீர்கள், நடுக்குருத்தை விட்டால் திரும்பத் திரும்பத் தளிர்க்கும். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் ஒரு கைப்பிடி பழைய எரு. பேசின் நெருங்கி இலை சிறுத்துவிட்டால் எல்லாவற்றையும் எடுத்து, இளங்கொடிகளை மட்டும் புது மண்ணில் நடுங்கள்.

நினைவாற்றலுக்கு நல்லது என்று பரீட்சைக்கு முதல்நாள் பிள்ளைக்கு அரைத்துக் கொடுத்து அதிசயம் எதிர்பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். கறியாகச் சாப்பிடுவது வேறு, மருந்தாக நாள்தோறும் சாறு குடிப்பது வேறு. கர்ப்பிணிகளும் ஈரல் வருத்தம் உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் அந்தச் சாற்றைத் தொட வேண்டாம். சம்பலுக்கு என்றால் இலையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மூன்று நாலு தரம் அலசி, பொடியாக அரிந்து வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ சேருங்கள். உப்பும் தேசிக்காய்ப் புளியும் சாப்பிடப் போகும்போது மட்டும், முந்திப் போட்டால் தண்ணீர் விட்டுவிடும்.